அய்யலூரிலிருந்து ஆழியாறு வரை

பொங்கலுக்கு முந்தின வியாழக்கிழமை. விடியற்காலை நாலரை மணிக்கு அய்யலூரில் பேருந்தை விட்டு இறங்கியபோது கோழிகளின் குரல்தான் கேட்டது, நிறம் தெரியவில்லை. திருச்சியிலிருந்து திண்டுக்கல் போகும் நெடுஞ்சாலை ஓரத்து ஊர் அது. வியாழன்தோறும் கூடும் அந்தச் சந்தைக்கு ஆடுதான் பேர் வாங்கிக் கொடுத்தது. ஆனாலும் நாட்டுக்கோழிக்கும் கட்டுச்சேவலுக்கும் அங்கே தனிக் கூட்டம் உண்டு. மார்கழிப் பனிக்குத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கால் கட்டிய கோழிகளை இரண்டு கையிலும் தொங்கவிட்டபடி ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

நான் வாங்கப் போகவில்லை. நம் கொல்லைப்புறத்துக் கோழிகளில் இத்தனை நிறம் எப்படி வந்தது, யார் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கப் போனேன்.

வியாபாரிகள் செல்போன் வெளிச்சத்தை அடித்து இறகைப் பிரித்துப் பார்த்தார்கள். "இது செவலைண்ணே" என்றார் விற்பவர். வாங்க வந்தவர் கழுத்திறகை விரல்களால் விரித்தார். "அடியில பாரு, கருப்பு ஓடுது. இது கீரி." ஒரே இறகில் இரண்டு மூன்று நிறம் இழையோடி, கீரிப்பிள்ளையின் மயிர்போலத் தெரிந்தால் கீரி. முழுக்கருப்பு காகம். கருப்பிலேயே வெயில் பட்டால் பச்சை மினுங்குவது எண்ணெய்க் கருப்பு. மாசில்லாத வெள்ளை கொக்கு வெள்ளை. இவை போக மயில், சாம்பல், வரி, புள்ளி. ஊருக்கு ஊர் பெயர் கொஞ்சம் மாறும். ஆனால் நிறத்துக்குப் பெயர் வைக்காத ஊர் இல்லை. பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள், பிரித்து வளர்த்திருக்கிறார்கள் என்றுதான் பொருள்.

கறிக்கு வாங்குகிறவர் தூக்கி எடை பார்க்கிறார். நிறத்துக்கு வாங்குகிறவர் அவசரப்படுவதில்லை. ஒரு பெரியவர் கருஞ்சேவல் ஒன்றை மடியில் கிடத்தி, இறக்கையின் அடிப்பக்கம் வரை தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தார். கருப்பசாமிக்கு நேர்ந்துகொண்டதாம். ஒரு வெள்ளை இறகு இருந்தாலும் ஆகாதாம். நான்காவது சேவலில்தான் அவருக்கு மனசு ஒப்பியது.

எனக்குத் தெரிந்த முதல் கோழி நிறம் வேறு. சிறுவயதில் எங்கள் தெருவில் சைக்கிளில் கூடை கட்டிக்கொண்டு ஒருவர் வருவார். பழைய இரும்பும் பிளாஸ்டிக்கும் போட்டால் குஞ்சு தருவார். ரோஸ், பச்சை, ஊதா. பிறந்த இரண்டொரு நாளில் சாயத்தில் நனைத்த குஞ்சுகள் அவை. முட்டைக்கோழிப் பண்ணைக்குக் குஞ்சு பொரிக்கும் இடங்களில் சேவல் குஞ்சுக்கு வேலை இல்லை. அது முட்டையிடாது, கறிக்கும் சீக்கிரம் தேறாது. அப்படிக் கழித்ததைத்தான் சாயம் பூசித் தெருவுக்கு அனுப்பினார்கள். நான் வாங்கிய ரோஸ் குஞ்சு நான்காம் நாள் செத்தது. கொய்யா மரத்தடியில் புதைத்துவிட்டு அழுதேன். அந்தக் குஞ்சுக்கு அவர்கள் செய்தது கொடுமை என்பது வளர்ந்த பிறகுதான் புரிந்தது. நிறம் என்றால் மேலே பூசுவது அல்ல, உள்ளிருந்து வருவது என்பதைக் கண்ணால் பார்க்கும் ஆசை அன்றிலிருந்து எனக்கு உண்டு.

வெளிச்சம் வந்தபோது ஒரு அம்மாவைப் பார்த்தேன். அறுபது வயதிருக்கும். பிளாஸ்டிக் கூடையில் மூன்று சேவல்கள். மூன்றும் சாம்பல், மூன்றுக்கும் கழுத்து மட்டும் கொஞ்சம் கருமை. ஒரே அச்சில் வார்த்ததுபோல இருந்தன. எப்படி என்று கேட்டேன்.

"அதுக்குன்னு சேத்து வச்சாத்தான் தம்பி வரும். வீட்டுல ஒரு கருப்பன் இருக்கான். அவன நான் விக்கிறதில்ல. அவனுக்கும் ஒரு அழுக்கு வெள்ளைக்கும் பொறந்ததுக இதுக."

மூன்று சேவலும் எட்டு மணிக்குள் விலைபோயின. பணத்தை முந்தியில் முடிந்துகொண்டு, "பாக்கணும்னா வாங்க, வடமதுரை தாண்டி ஒரு எட்டுத்தான்" என்றார். அவரோடு பேருந்து ஏறினேன்.

ஓட்டு வீடு, பக்கத்தில் மாட்டுக்கொட்டகை, வாசலில் வேப்பமரம். மரத்தடியில் கவிழ்த்த பஞ்சாரத்துக்குள் ஒரு தாய்க்கோழியும் குஞ்சுகளும். பதினான்கு பெட்டைகள் குப்பைமேட்டைக் கிளறிக்கொண்டிருந்தன, ஒன்றுபோல் ஒன்று இல்லை. கழுத்தில் இறகே இல்லாத கிராப்புக் கோழி ஒன்று, கொண்டைக்குப் பதில் தலையில் குடுமி வைத்தது ஒன்று, வரிவரியாகச் சேலைக்கரைபோல ஒன்று. நடுவில் அந்தக் கருப்பன். எண்ணெய்க் கருப்பு. வெயிலில் அவன் திரும்பும்போதெல்லாம் வால் பச்சையாக எரிந்தது.

அம்மா விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். முன்பு அவரிடம் ஒரு சாம்பல் சேவலும் ஒரு சாம்பல் பெட்டையும் இருந்தன. சாம்பலுக்குச் சாம்பல் பிறக்கும் என்று நம்பி ஒன்பது முட்டையை அடை வைத்தார். ஒன்பதும் பொரித்தன. ஐந்து சாம்பல், ஒன்று கருப்பு, மூன்று அழுக்கு வெள்ளை, அதாவது வெள்ளையில் மை தெறித்ததுபோல. அக்கம்பக்கத்தார், அழுக்கு வெள்ளை அழகில்லை, விற்றுவிடு என்றார்கள். அவர் அதில் ஒரு பெட்டையை மட்டும் வைத்துக்கொண்டார். அது கருப்பனோடு சேர்ந்தபோது பிறந்த அத்தனையும் சாம்பல்.

கோழியின் இந்தச் சாம்பல் தனி நிறம் அல்ல. கருப்பை வெளுக்கச் செய்யும் ஒரு மரபணு தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ ஒரு பங்கு மட்டும் வந்தால் கருப்பு பாதி வெளுத்துச் சாம்பலாகும். இருபக்கமிருந்தும் வந்தால் முக்கால்வாசிக்கு மேல் வெளுத்து அழுக்கு வெள்ளையாகும். வரவே இல்லையென்றால் கருப்பு. ஆகவே இரண்டு சாம்பலைச் சேர்த்தால் நான்கில் ஒன்று கருப்பு, இரண்டு சாம்பல், ஒன்று அழுக்கு வெள்ளை என்ற கணக்கை ஒட்டிப் பிறக்கும். கருப்பையும் அழுக்கு வெள்ளையையும் சேர்த்தால்தான் எல்லாம் சாம்பல். ஆண்டலூசியன் என்ற ஸ்பெயின் கோழியைக் காட்டிப் பாடநூல்கள் சொல்லித்தரும் விதி இது. மெண்டல் பட்டாணிச் செடியில் கண்ட விதி விலங்குக்கும் பொருந்தும் என்று 1902இல் வில்லியம் பேட்சன் இங்கிலாந்தில் காட்டியதும் கோழிக் கொண்டையை வைத்துத்தான். எந்த நூலையும் பார்க்காமல், மற்றவர்கள் விற்கச் சொன்ன கோழியை விற்காமல் வைத்துப் பார்த்து அதே இடத்துக்கு இந்த அம்மா வந்து சேர்ந்திருக்கிறார். அவர் செய்தது ஆராய்ச்சிதான். அதற்கு வேறு பெயர் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"அந்தக் கருப்பன் இவளுக்கு அண்ணன்தானே?" என்று கேட்டேன்.

"அதெப்படிச் சேப்பேன்? கூடப் பொறந்தத நத்தத்துல எங்கக்கா வீட்டுக்குக் குடுத்துட்டு, அவுக வீட்டுக் கருப்பனக் கொண்டாந்தேன். ஒரே ரத்தத்துல சேத்தா முட்டை கூமுட்டையாப் போகும், குஞ்சு நோஞ்சானா வரும்."

சேவலை மாற்றினால் மூன்று வாரம் பொறுத்துத்தான் அடைக்கு முட்டை எடுப்பாராம். அவருடைய மாமியார் சொல்லிக்கொடுத்தது. இதற்கும் காரணம் இருக்கிறது. பெட்டைக்கோழியின் உடலுக்குள், கண்ணுக்குத் தெரியாத சிறு குழல்களில், சேவலின் விந்து இரண்டு வாரத்துக்கு மேலும் உயிரோடு தங்கும். சேவல் போன பிறகும் அவன் பிள்ளைகள் பிறந்துகொண்டிருக்கும். நிறத்துக்காகச் சேர்ப்பவர்கள் இதை மறந்தால் கணக்கு எல்லாம் தவறும்.

அன்று ஒரு பெட்டை கொக்கொக்கென்று கேரிக்கொண்டு, இறகைச் சிலுப்பி, போட்ட இடத்தைவிட்டு எழாமல் கிடந்தது. "அவயத்துக்கு வந்துருச்சு. இன்னைக்கே வச்சிரலாம்" என்றார். உமி பரப்பிய மூங்கில் கூடை வந்தது. முட்டைகள் ஒரு மண்சட்டியில் மணல்மேல் இருந்தன. யார் முட்டை என்று தெரிய ஒவ்வொன்றிலும் கரித்துண்டால் குறி. அழுக்கு வெள்ளைக்கு ஒரு கோடு, வரிக்கோழிக்கு இரண்டு, செவலைக்கு ஒரு வட்டம். ஒரு வாரத்துக்கு மேற்பட்டதை ஒதுக்கிவிட்டார். ஒற்றைப்படையாகப் பதினொன்று எடுத்து அடுக்கினார். ஓரத்தில் ஒரு இரும்பாணி, ஒரு அடுப்புக்கரி, ஒரு காய்ந்த மிளகாய். இடி இடித்தால் முட்டை கெடாமல் இருக்க. ஆணி முட்டையைக் காக்கும் என்று நான் நம்பவில்லை. முட்டைக்கு வேண்டியது முப்பத்தேழரை டிகிரிச் சூடும் ஈரமும் அவ்வப்போது புரட்டலும்தான், அதைத் தாய்க்கோழி வயிறும் அலகும் பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்த ஆணியை வைக்கும்போது அவர் முகத்தில் இருந்த கவனம், அடுத்த இருபத்தொரு நாளும் அந்தக் கூடையின் மேல் இருக்கும் என்று புரிந்தது.

வரிக்கோழியைப் பற்றிக் கேட்டபோது சிரித்தார். "அவ குஞ்சுல பொறந்தன்னைக்கே சேவலு எது, பொட்டை எதுன்னு சொல்லீருவேன். கருப்புக் குஞ்சு தலையில வெள்ளைப் பொட்டு இருந்தாச் சேவலு." தாய் வரியாகவும் தந்தை வரியில்லாமலும் இருந்தால் இது தப்பாது. மனிதரில் பிள்ளை ஆணா பெண்ணா என்பது தந்தையால் அமைகிறது, கோழியில் தாயால். சேவலுக்கு இசட் குரோமோசோம் இரண்டு, பெட்டைக்கு ஒன்றுதான். அந்த ஒன்றைத் தாய் மகனுக்கு மட்டுமே கொடுக்கிறாள், வரியும் அதில்தான் ஏறிப்போகிறது. தங்கை மகன் கொண்டுவந்த கடக்நாத் சேவலிலும் இதே விதியைப் பார்த்திருக்கிறார். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவாப் பக்கம் பில் பழங்குடிகள் வளர்த்துவந்த, தோலும் கறியும் கருத்த இனம் அது. 2018இல் புவிசார் குறியீடு பெற்றது. முட்டை மட்டும் கருப்பல்ல, வெளிர் பழுப்புதான். அந்தச் சேவலை வெளுத்த கால் பெட்டையோடு சேர்த்தால் பெட்டைக் குஞ்சுகள் கருத்தும் சேவல் குஞ்சுகள் வெளுத்தும் வருகின்றன. "அப்பன் கருப்பு மகளுக்குத்தான் போகுது" என்றார் அம்மா.

கொக்கு வெள்ளை ஒன்றுகூட அங்கே இல்லை. கேட்டதும் அவர் குரல் தாழ்ந்தது. வெள்ளைக் குஞ்சைப் பருந்து முதலில் தூக்கிவிடும். அதற்குத் தப்பி வளர்ந்த ஒரு பெட்டையும் சேவலும் இரண்டு வருடத்துக்கு முன்பு கோடையில் வெள்ளைக்கழிச்சலில் ஒரே வாரத்தில் போய்விட்டன. பக்கத்து வீடுகளிலும் அந்த வம்சம் இல்லை. வீட்டுக்கு ஒரு சேவல் இருக்கும் ஊரில் ஒரு நிறம் அழிய ஒரு வாரம் போதும். பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் இரு வாரக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமுக்கு அதற்குப் பிறகு ஒரு தடவையும் போகத் தவறவில்லை என்றார்.

கிளம்பும்போது ஒரு செவலைப் பெட்டையைப் பிடித்துக் காட்டினார். கால் எலுமிச்சை மஞ்சள். "இவ ஆத்தாளுக்கும் வெள்ளைக் கால், அப்பனுக்கும் வெள்ளைக் கால். இவளுக்கு மட்டும் எங்கருந்து தம்பி வந்துச்சு இந்த மஞ்சள்?"

"நாளைக்கு அது இருக்கிற இடத்துக்குத்தாம்மா போறேன்" என்றேன்.

திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம், பழனி, உடுமலை வழியாகப் பொள்ளாச்சிப் பேருந்து. பழனியில் பாதயாத்திரைக் கூட்டம் ஏறியது, ஒரு சிறுவன் கையில் சேவற்கொடி. வழிநெடுக வாசல்களில் கோழிகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பல ஊர்களில் ஒரே மாதிரிச் செம்பழுப்புக் கோழிகள். ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் நாட்டுக்கோழிக் குஞ்சு என்று விற்கிறார்களே, அவை. ஹைதராபாத்தின் கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் உருவாக்கிய வனராஜா, கிராமப்ரியா போன்றவை நல்ல கோழிகள், அதை மறுக்கமாட்டேன். நாட்டுக்கோழியைவிட அதிக முட்டை இடுகின்றன. கிராமத்தார் வெள்ளைக் கோழியை விரும்பமாட்டார்கள், நிறமுள்ள கோழிதான் பருந்துக்கும் நரிக்கும் மறைந்து பிழைக்கும் என்று தெரிந்தே அவற்றை வண்ணத்தில் உருவாக்கினார்கள். ஆனால் அவை அடைக்குப் படுப்பதில்லை. அவற்றின் முட்டையை வேறு கோழிக்கு வைத்துப் பொரித்தால் அடுத்த தலைமுறை தாயைப்போல வராது. ஒவ்வொரு தடவையும் வண்டிக்காகத்தான் காத்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் அந்தப் பயணத்தில் எனக்கு உறைத்தது. அய்யலூரில் விலைபோன சேவல்கள் எல்லாம் அந்தந்த வீட்டின் மிக அழகான சேவல்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஆடிக் கொடைக்கும் முதலில் சந்தை ஏறுவது அவன்தான். வீட்டில் மிஞ்சுவது யாரும் கேட்காத நோஞ்சான். அடுத்த வருடத்துக் குஞ்சுகளுக்குத் தந்தை அந்த நோஞ்சான். நாட்டுக்கோழியின் நிறம் மங்குவதற்குப் பண்ணைக் கோழியை மட்டும் குற்றம் சொல்கிறோம். பாதிக் காரணம் நம் வீட்டு வாசலில்தான் இருக்கிறது. அந்த அம்மா கருப்பனை விற்கவில்லை, அதனால் அவர் கூடையில் மூன்று சாம்பல்கள் இருந்தன.

பொள்ளாச்சியில் தங்கி, மறுநாள் முதல் பேருந்தில் ஆழியாறு. அணையைத் தாண்டி வால்பாறைக்கு ஏறும் மலைப்பாதையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். வனத்துறைச் சோதனைச்சாவடிக்குப் பக்கத்தில் இறங்கிச் சாலையோரம் நின்றேன். மூங்கில் புதரிலிருந்து குரல் வந்தது. வீட்டுச் சேவல்போல நீட்டிக் கூவாமல், வெட்டி வெட்டி, கடைசியில் ஒரு கரகரப்போடு முடியும் குரல். பத்து நிமிடம் கழித்து அவன் சாலைக்கு வந்தான்.

சாம்பல் காட்டுக்கோழி. தென்னிந்தியாவையும் அதை அடுத்த தீபகற்பக் காடுகளையும் விட்டால் உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத இனம். உடம்பெல்லாம் சாம்பலில் வெள்ளைக் கீற்று, வால் கருநீலம். கழுத்திறகு ஒவ்வொன்றின் நுனியிலும் மெழுகைச் சொட்டியதுபோல ஒரு மஞ்சள் துளி. அந்தத் துளிக்காகவே ஐரோப்பியத் தூண்டில்காரர்கள் மீனை ஏமாற்றும் பொய்ப்பூச்சி கட்ட இந்த இறகை வாங்கினார்கள், அதற்காக எத்தனையோ சேவல்கள் செத்தன. இன்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவனைக் காக்கிறது. முட்டையை எடுத்துவந்து அடை வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் அது குற்றம்.

வீட்டுக்கோழியின் மூதாதை செங்காட்டுக்கோழி. டார்வின் அதை மட்டுமே மூலம் என்று எண்ணினார். ஆனால் செங்காட்டுக்கோழிக்கு மஞ்சள் கால் கிடையாது. 2008இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வீட்டுக்கோழியின் மஞ்சள் தோலுக்கான மரபணுவைத் தேடிப் போனபோது, அது இந்தச் சாம்பல் காட்டுக்கோழியிடம் கொண்டுபோய் நிறுத்தியது. சோளத்திலும் கீரையிலும் உள்ள மஞ்சள் சத்தைத் தோலில் சிதைத்துவிடும் நொதி ஒன்று உண்டு. இந்த வகை மரபணு உள்ள கோழியின் தோலில் அந்த நொதி வேலை செய்யாது, மஞ்சள் அப்படியே தங்கிவிடும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் கால் மஞ்சளாகும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் மறைந்து கிடக்கும். வெள்ளைக் கால் பெற்றோருக்கு மஞ்சள் கால் மகள் பிறந்தது இப்படித்தான். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் ரெட் முதல் இத்தாலியில் தோன்றிய லெகார்ன் வரை உலகத்துப் பண்ணைகளில் நிற்கும் மஞ்சள் கால் கோழிகள் அனைத்தும் நம் பக்கத்துக் காட்டுச் சேவலின் பங்கைச் சுமந்து நிற்கின்றன.

அவன் இரண்டு நிமிடம் சாலையைக் கிளறினான். பின்னாலேயே ஒரு பெட்டை, பழுப்பு முதுகும் வெள்ளை நெஞ்சில் கருங்கரையுமாக வந்தது. ஒரு லாரி வளைவில் ஒலியெழுப்பவும் இரண்டும் புதருக்குள் போய்விட்டன. அங்கே நின்றே அம்மாவுக்குப் போன் செய்து மஞ்சள் காலின் கதையைச் சொன்னேன். "அப்ப இவ காட்டுக்காரி வழியா?" என்றார். பிறகு, "இவளையும் விக்கல தம்பி" என்றார்.

வீட்டில் கோழி வைத்திருப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான். இந்தப் பண்டிகைக்குச் சந்தைக்குக் கிளம்பும்போது உங்கள் சேவல்களில் மிக நல்ல நிறத்தவன் ஒருவனை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். இரண்டு வருடம் ஆனதும் அவனை விற்காமல் பக்கத்து ஊர்ச் சொந்தக்காரர் வீட்டுச் சேவலோடு மாற்றிக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் தடுப்பூசி முகாமுக்குக் கூடையோடு போங்கள். ஊசி இலவசம்தான்.